வன்னிக் காட்டின் இராக்கணக்கு

வன்னி நாட்டின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவர்க்கு, அந்நாட்டில் மனிதருக்கு அயலாய்க் குடியிருந்தோர் யாவர் என்பது எவரும் சொல்லாமலே விளங்கிவிடும். வவுனியாவிலிருந்து வடக்கே போகும் கண்டி வீதியில் ஓமந்தைக்கு அணித்தே பன்றிகெய்தகுளம் இருக்கின்றது. அக்கராயன் பக்கத்தில் ஆனைவிழுந்தான் இருக்கின்றது. கிளிநொச்சிப் பட்டினத்தைக் கடந்து பரந்தனை நோக்கிச் செல்பவர் கரடிப்போக்குச் சந்தியைத் தாண்டியே செல்லவேண்டும். அதற்கும் அப்பால், பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துக்கு ஆனையிறவு என்று பெயர். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியிற் பிடித்த யானைகளை விற்பனைக்காகக் குடாநாட்டுக்கு ஓட்டிச் சென்ற வழி அதுவே. பன்றியை எய்த இடம், யானை விழுந்த இடம், கரடி போன வழி, யானை கடந்த துறை! ஏட்டில் எழுதாது நிலத்தின் மேலேயே எழுதிவைத்த குறிப்புகள் அல்லவா இவை?

அக்குறிப்புகள் இன்றும் மெய்தானா என்பதே நம்மை நெடுநாளாகக் குடைந்து வந்த கேள்வி. கரடிப்போக்குச் சந்தியில் இன்று போவன பேருந்துகளும் உழவு இயந்திரங்களும் பள்ளிப் பிள்ளைகளின் துவிச்சக்கர வண்டிகளுமே. மனிதரைக் குடிசன மதிப்பில் எண்ணிவிடலாம். மாட்டைப் பட்டியில் அடைத்து எண்ணலாம். இருளில் வந்து இருளிலேயே மறையும் மானையும் மரையையும் எண்ணுவது எங்ஙனம்? இதற்கு விடை தேடும் சிறு கருவி ஒன்றைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு, சென்ற ஆவணி விடுமுறையில் நமக்குக் கிட்டியது.

நம்மிடம் கற்ற மாணவன் ஒருவன் பின்னர் விலங்கியல் பயின்று பட்டமும் பெற்றவன். அவனுடைய தகப்பனாரின் காணி நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், வீதியை விட்டு இரண்டு கட்டை தூரம் உள்ளே இருக்கின்றது. காணியின் பின்வேலியோடு காடு தொடங்கிவிடுகிறது. “சேர், ஒருமுறை வந்து பாருங்கோ” என்று அவன் பலகாலும் அழைத்திருந்தான். நாமும் நம்முடன் பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவரும் வவுனியாவிற் பேருந்தேறி, புளியங்குளத்திற் கிழக்கே திரும்பி, நெடுங்கேணி கடந்து அவ்விடம் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

ஆவணி மாதத்து வன்னியைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். வாடைக் காற்றோடு ஐப்பசி கார்த்திகையிற் கொட்டிய மழையெல்லாம் எங்கே போயிற்றென்று வியக்கும்படி மண் வெடித்துக் கிடந்தது. புல் கருகிவிட்டது. பாலையும் வீரையும் முதிரையும் மட்டும் ஒன்றும் நடவாததுபோலப் பச்சையாக நின்றன. நாம் வந்த காலம் தவறென்று கண்டவரெல்லாம் சொன்னார்கள். ஆனி ஆடியில் வந்திருந்தால் பாலைப்பழம் தின்றிருக்கலாமாம். உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அப்பழத்தின் பாலையும் பொருட்படுத்தாது மரத்தடியிற் கூடுவோர் மனிதர் மட்டுமல்லர். மேலே மந்திகள் தின்று உதிர்ப்பதைக் கீழே நின்று மான்கள் பொறுக்கும். கரடியோ மரத்திலேயே ஏறிவிடும். பாலைப்பழக் காலத்திற் காட்டுக்குள் தனியே போகக்கூடாதென்பது வன்னித் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதற்பாடம்.

காணியின் ஓரத்தில் ஒரு சிறு குளம். அதன் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் நீர் எஞ்சியிருந்தது. சுற்றிலும் சேறு. மறுநாள் விடியுமுன் மாணவனின் தகப்பனார் நம்மை அங்கே அழைத்துச் சென்றார். எழுபதைக் கடந்தவர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அந்தச் சேற்றை அவர் வாசித்த விதத்தைக் கண்டபின், வாசிப்பென்பது என்ன என்பதில் நமக்கே ஐயம் தோன்றிவிட்டது. இது மாடு, இது மரை. மாட்டின் குளம்பு அகன்று மழுங்கியது, மரையின் குளம்பு முன்னே கூர்ந்தது என்றார். இது நாய், நகம் பதிந்திருக்கிறது. இது சிறுத்தை, நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும், ஆகையால் நகக்குறி இல்லை என்றார். பன்றி கிளறிய இடத்தையும், முள்ளம்பன்றி உதிர்த்த முள்ளையும், முயலளவே உள்ள உக்குளான் என்னும் சருகுமானின் விரல்நுனியளவு குளம்பையும் காட்டினார். (இச்சருகுமானுக்குக் கொம்பில்லை, கிடாவுக்கு மேல்வாயில் இரண்டு நீண்ட பற்களுண்டு. இலங்கையின் வறண்ட பகுதிகளில் வாழ்வது இந்திய இனத்தின் வேறானது, இத்தீவுக்கே உரியது என்று 2005ஆம் ஆண்டிலேதான் பிரித்தறிந்தனர்.)

“மாஸ்டர், தம்பி கொண்டுவந்து கட்டினது நல்ல சாமான்தான். ஆனா, ராத்திரி ஆர் வந்தது, ஆர் போனது எண்டு இந்தச் சேறு எனக்கு எப்பவும் சொல்லிப்போடும்” என்று சிரித்தார் பெரியவர்.

மகன் மறுக்கவில்லை. “அப்பு சொல்லுறது சரி, சேர். ஆனா எத்தினை மணிக்கு வந்ததெண்டு சேறு சொல்லாது” என்றான்.

அந்த ஒரு வசனத்தின் பொருள் அன்று மாலை வரையில் நமக்கு முழுமையாக விளங்கவில்லை.

அவன் சொன்ன கருவி, குளத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் ஒரு வீரை மரத்தில், நம் முழங்காலுக்குச் சற்று மேலே, பட்டியாற் கட்டப்பட்டிருந்தது. பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். மரப்பட்டையின் நிறமாகையால் அருகிற் போன பின்னரே தெரிகிறது. கமரா என்றாலும் அதை இயக்க ஒருவரும் பக்கத்தில் நிற்க வேண்டுவதில்லை. அதன் முகத்திலுள்ள சிறு கண்ணாடி வெப்பத்தை உணரக்கூடியது. சுற்றியுள்ள நிலத்தைவிடச் சூடான உடம்பொன்று அதன் எதிரே அசைந்தால் உடனே விழித்துக்கொண்டு படம் பிடிக்கும். இரவில் அகச்சிவப்புக் கதிரை வீசிப் படம் எடுக்கிறது. அக்கதிர் நம் கண்ணுக்குப் புலப்படாது. சில கருவிகளில் மங்கிய சிவப்புப் பொட்டாகத் தெரிவதுண்டு. மான் வெருளுவதில்லை. எடுத்த படத்தின் அடியில் நாளும் மணியும், சில கருவிகளில் சந்திரனின் பிறையும்கூடத் தானாகவே பதிந்துவிடும். சில பற்றரிகளும் விரல்நகத்திலும் சற்றே பெரிய நினைவட்டை ஒன்றும் போதும். வாரக்கணக்காக அது தன்னந்தனியே காவலிருக்கும்.

இதன் முன்னோரைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். அது வன்னிக்கு வெகுதூரத்துக் கதையாயினும் வன்னியாருக்கு அன்னியமானதன்று. அமெரிக்காவிலே ஜோர்ஜ் ஷைராஸ் என்றொரு வழக்கறிஞர் இருந்தார். இளமையில் அவர் மிச்சிகன் நாட்டு ஏரிகளில் இரவு வேட்டையாடியவர். தோணியின் முன்புறத்தில் விளக்கை ஏற்றிக்கொண்டு சத்தமின்றிச் செல்வார்கள். வெளிச்சத்தைக் கண்டு மான் மலைத்து நிற்கும். அதன் இரு கண்களும் இருளில் மின்னும். அவற்றுக்கு நடுவே சுடுவார்கள். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கும் நம்மூர் வேட்டைக்காரருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஷைராஸ் பிற்பாடு துவக்கை வைத்துவிட்டுக் கமராவை எடுத்தார். அதே தோணி, அதே விளக்கு, அதே மான். பின்னர் இன்னொரு வழியும் கண்டார். மான் வரும் பாதையின் குறுக்கே ஒரு நூலைக் கட்டி, அதில் மானின் கால் பட்டதும் மருந்து வெடித்து ஒளிரும்படியும் அவ்வொளியிற் படம் பதியும்படியும் செய்தார். அப்படங்களில் 74ஐ 1906ஆம் ஆண்டு ஜூலையில் நாஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அதிகாரியாயிருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்பவர் இம்முறையாலேயே காட்டுப் புலிகளை இரவிற் படம் பிடித்து 1927இல் நூலாக்கினார்.

பாதையின் குறுக்கே கட்டிய கம்பி! இத்தொடரை வாசிக்கும் வன்னி வாசகர் ஒருகணம் நின்றிருப்பார். இங்கே அக்கம்பிக்கு வேறு இரண்டு தொழில்கள் இருந்தன. ஒன்று கட்டுத்துவக்கு: விலங்கின் கால் பட்டதும் தானே வெடிப்பது, விலங்கையும் மனிதனையும் அது பிரித்தறிவதில்லை. மற்றையது போர் கொண்டுவந்தது. முற்காலத்திற் கண்ணி என்றால் மானுக்கும் காடைக்கும் வைப்பது என்றுதான் பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். போருக்குப் பின் பிறந்த வன்னிப் பிள்ளை அச்சொல்லை முதலிற் கேட்பது கண்ணிவெடி என்னும் தொடரிலேயே. போர் 2009இல் முடிந்த பின்னரும் மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் நெடுங்காலம் காட்டோரங்களில் நின்றன. இன்றைய கமராவுக்குக் கம்பியே வேண்டியதில்லை என்பதை மாணவன் சொன்னபோது, இந்த மண்ணில் அது சிறிய ஆறுதலன்று என்று நம் நண்பர் மெல்லக் கூறினார்.

அன்று மாலை நினைவட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, விறாந்தையிற் பாய் விரித்து, தேநீரும் பனங்கட்டியும் நடுவில் வைத்து, மடிக்கணினியின் முன் எல்லோரும் அமர்ந்தோம். மூன்று வாரங்களின் படங்கள் அதிலிருந்தன. பெரும்பாலானவை வெறும் இலை. காற்றில் ஆடிய கொப்பில் வெயில் பட்டதும் கருவி ஏமாந்துவிடுகிறதாம். அடுத்தபடி அயலவரின் மாடுகள். அவற்றின் சொந்தக்காரரின் பெயரையெல்லாம் பெரியவர் படத்தைப் பார்த்தே சொல்லிவந்தார். ஒரு மந்தி கருவியின் முன் நின்று தன் பல்லை ஆராய்ந்துகொண்டிருந்தது. மயில், காட்டுக்கோழி, நரி, வாலையும் பாதி உடலையும் மாத்திரம் விட்டுச்சென்ற ஒரு மரநாய். நள்ளிரவில் முள்ளைச் சிலிர்த்தபடி இரண்டு முள்ளம்பன்றிகள், ஒன்றின் பின் ஒன்றாக, திருவிழாவுக்குப் போகும் தம்பதியர்போல நடந்தன. ஒரு படத்தில் சாம்பல் நிறச் சுவர் மட்டும் தெரிந்தது. “யானை” என்றான் மாணவன். நல்ல காலம், உரசிவிட்டுப் போயிருக்கிறது. இக்கருவிகளைப் பிடுங்கி மிதிப்பதும் யானைக்கு வழக்கமாம்.

அப்பால் வந்தன மான்கள். நான்கு பெட்டை, ஒரு கலை, ஒரு குட்டி. புள்ளிகள் ஒவ்வொன்றும் பொரியைத் தூவினாற்போல வெளுத்திருந்தன. விறாந்தையில் இருந்தவர் எல்லோரும் ஒருசேர மூச்சை இழுத்தோம். மாணவன் மட்டும் படத்தைப் பார்க்காமல் அதன் அடியைச் சுட்டிக் காட்டினான்: அதிகாலை 2 மணி 17 நிமிடம். அடுத்த படம் 1 மணி 50. அதற்கடுத்தது 3 மணி 5. மூன்று வாரத்திலும் பகலொளியில் எடுத்த மான் படம் ஒன்றுகூட இல்லை.

வாசகர்களுள் வில்பத்துக்குச் சென்றவர்கள் இதன் புதுமையை உணர்வார்கள். புள்ளிமான் இராவிலங்கன்று. காலையிலும் மாலையிலும் திறந்த புல்வெளியிற் கூட்டமாக மேய்வதே அதன் இயல்பு. வன்னிக்குத் தென்மேற்கே வில்பத்துவின் வில்லுக்கரைகளிற் காலை எட்டு மணிக்கும் அவற்றைக் காணலாம். மரையோ வேறு, அது இருளையும் அடர்காட்டையும் விரும்புவது. இங்கே மரை வரும் நேரத்துக்கு மானும் வருகின்றது. ஒரே இன மான், அதே வறண்ட காடு, அதே ஆவணி. ஆனால் வேறு மணி.

நாம் ஆசிரியராகையால் எளிதில் விட்டுவிடவில்லை. நண்பகலில் வன்னி மண் கொதிக்கும் சூட்டில் நிலத்தின் வெப்பமும் மானின் உடல்வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுமே, அப்போது கருவிக்கு மான் புலப்படாமற் போயிருக்கலாமன்றோ என்று கேட்டோம். அவன் இதற்கு ஆயத்தமாகவே இருந்தான். அக்குறை கருவிக்கு உண்டென்பதை ஒப்புக்கொண்டான். ஆயின் காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும் குளிர்ந்த வேளைகள். அவ்வேளைகளில் மயிலும் மந்தியும் நரியும் படத்தில் இருக்கின்றன, மான் மட்டும் இல்லை. மாடுகளோ நண்பகலிலும் படத்தில் விழுந்திருக்கின்றன. ஆகவே கருவி தூங்கவில்லை, மான்தான் வரவில்லை. நல்ல விடை. ஒரு காணியில், ஒரு கருவியில், மூன்று வாரத்திற் கண்டதைக் கொண்டு வன்னி முழுவதற்கும் தீர்ப்புக் கூறமுடியாதென்பதையும் அவனே சேர்த்துச் சொன்னான்.

இது இங்கு மட்டும் நடப்பதன்று. உலகின் பல பாகங்களில் 62 விலங்கினங்களைப் பற்றி நடந்த 76 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்கள், மனிதர் நடமாடும் இடங்களில் விலங்குகள் முன்னிலும் மிகுதியாக இரவுக்குள் ஒதுங்குகின்றன என்று 2018ஆம் ஆண்டில் எழுதினர். அவை கொல்லப்படும் இடமாயினும் சரி, வெறுமனே மனிதர் உலாவும் இடமாயினும் சரி, அவ்வாறே நடக்கிறதாம். பகலை நாம் எடுத்துக்கொண்டோம். எஞ்சிய பொழுதில் அவை வாழப் பழகுகின்றன. ஆனால் அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சிறுத்தைக்கும் அதுவே நல்ல வேளை. மனிதனுக்கு அஞ்சி மான் இரவுக்குள் போனால், இரவில் அதற்காக வேறொருவர் காத்திருக்கிறார்.

பிறகு எண்ணிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆறு மான் பத்து நாள் வந்தால் அறுபது படம். அறுபது மான் ஒருநாள் வந்தாலும் அறுபது படம். எதை நம்புவது? மாணவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய அழகிய உபாயம் ஒன்று இதற்குண்டு. ஒரு குளத்தில் 50 மீன்களைப் பிடித்து, செட்டையில் அடையாளமிட்டு மீண்டும் விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து 40 மீன்களைப் பிடியுங்கள். அவற்றுள் 10இல் அடையாளம் இருந்தால், பிடித்ததில் நாலில் ஒன்று முன்னே கண்டது. ஆகவே அந்த 50 மீனும் குளத்து மீன் முழுவதிலும் நாலில் ஒரு பங்கு. குளத்தில் ஏறத்தாழ 200 மீன் உண்டு. சிறுத்தைக்கு அடையாளமிட வேண்டியதில்லை. பிறக்கும்போதே அதன் புள்ளிகள் அடையாளமாக இருக்கின்றன; ஒன்றின் புள்ளிக்கோலம் மற்றொன்றுக்கு வாராது. எந்திரவியல் படித்து விலங்காய்வுக்கு வந்த உல்லாஸ் கரந்த் என்பவர் கர்நாடகத்து நாகரகொளைக் காட்டில், புலியின் வரிகளைக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டு 1995இல் வெளியிட்டார். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவின் 2018ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களிற் கமராக்கள் வைக்கப்பட்டன. 3 கோடியே 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. அவற்றிற் புலிப் படங்கள் 76,651. அவற்றுக்குரிய புலிகளோ குட்டிகளை நீக்கி 2,461தான். படத்துக்கும் விலங்குக்கும் உள்ள தூரத்தை இதைவிட எப்படிக் காட்டுவது?

மான்களுக்கு இந்த வசதி குறைவு. அவற்றின் புள்ளிகளும் ஒன்றுபோல் ஒன்றிராவாயினும் கூட்டத்திற் பிரித்தறிவது பெரும்பாடு. மரைக்கும் பன்றிக்கும் புள்ளியே இல்லை. இதற்கு 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர் சிலர் கண்ட வழி, பௌதிகம் படிப்பிக்கும் நம் நண்பரைத் துள்ளியெழச் செய்தது. வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று எத்தனை முறை மோதும் என்று கணக்கிடும் அதே சமன்பாட்டை அவர்கள் விலங்குக்குப் பொருத்தினார்கள். மான் ஒருநாளில் எவ்வளவு தூரம் நடக்கும், கமரா எவ்வளவு தூரமும் அகலமும் பார்க்கும் என்பன தெரிந்தால், எத்தனை முறை படத்தில் விழுந்தது என்பதிலிருந்து சதுர கிலோமீற்றருக்கு எத்தனை மான் என்பதை மதிப்பிடலாம். “வகுப்பிலை இதைச் சொல்லியிருந்தா ஒருத்தனும் நித்திரை கொண்டிருக்கமாட்டான்” என்று நண்பர் வருந்தினார். ஆனால் இதற்கு ஒரு கமரா போதாது. மான் வரும் இடமாகத் தேடி வைக்கவும் கூடாது. குளக்கரையில் வைத்துவிட்டு நாடு முழுவதும் மான் என்று சொல்வது, கோயில் வாசலில் நின்று ஊர்ச்சனத்தை எண்ணுவதற்கு ஒப்பாகும். வில்பத்துவில் 2015ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் சிறுத்தைகளைக் கணக்கெடுத்தபோது பல கமராக்களைப் பரந்த நிலத்தில் முறையாகப் பரப்பியே வைத்தனர். போரின்போது நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2003இல் திறந்து, 2006இல் மறுபடி மூடி, 2010இல் மீண்டும் திறந்த வனம் அது. வன்னியின் வனங்களுள் சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசிய வனங்களாக்கப்பட்டன. அவ்வாறான இடங்களிற் கமரா வைக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நம் மாணவனைப்போலச் சொந்தக் காணியில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போவதற்கில்லை.

படங்கள் முடியும் தறுவாயில் ஒன்று வந்தது. பேச்சு நின்றுவிட்டது. விடிவதற்கு முந்திய வேளை. இடுப்புக்குக் கீழே ஒரு மனிதன்: மடித்துக் கட்டிய சாரம், இரப்பர்ச் செருப்பு, கையில் வளையமாகச் சுற்றிய கம்பி. முகம் இல்லை.

மாட்டுவண்டித் தடத்துக்கும் அகலாத ஒரு பாதையில், அந்தக் கம்பியாற் செய்யும் சுருக்குத் தடம் என்ன செய்யும் என்பதை விளக்கவேண்டியதில்லை. பன்றிக்கென்றே வைப்பதாகச் சொல்வார்கள். பயிரைக் காக்கத்தான் என்பார்கள். அதில் உண்மையும் உண்டு. ஓரிரவிற் பன்றிக்கூட்டம் அழித்த மரவள்ளித் தோட்டத்தை நாமே கண்டிருக்கிறோம். ஆனால் தடம் தெரிந்தெடுப்பதில்லை. மானும் மரையும் அதில் விழும். அவற்றைக் கொல்வது சட்டப்படி குற்றம். சிறுத்தையும் விழும். மலைநாட்டில் நல்லதண்ணிப் பகுதியில் 2020ஆம் ஆண்டு மே மாதம் அரிதிலும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படி ஒரு தடத்திற் கழுத்து அகப்பட்டுப் பின்னர் மாண்டதைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள்.

“செருப்பைப் பாத்தாலே ஆரெண்டு தெரியுது” என்றார் பெரியவர். சற்றுநேரம் பேசாதிருந்து, “தம்பி, அந்தப் படத்தை அழிச்சுப்போடு” என்றார்.

மகன் தயங்கினான். சட்டம் என்றான்; ஆய்வு என்றான். தகப்பனார் குரலை உயர்த்தவில்லை. “என்ரை காணியிலை இருந்து ஒரு படம் போய் ஒருத்தன் மாட்டுப்பட்டான் எண்டால், நாளைக்கு இந்த ஊரிலை ஒருத்தரும் இந்தப் பெட்டியை விட்டுவைக்கமாட்டினம். மிருகம் பாக்கத்தானே கொண்டந்தனி?”

இரு பக்கமும் நியாயம் இருந்தது. சட்டத்தை மதிக்கவேண்டும் என்று வகுப்பறையிற் சொல்லிவருபவர்கள் நாம். எனினும் இவ்விடத்தில் நமது மனம் பெரியவரோடு நின்றது. எத்தனையோ சோதனைச் சாவடிகளைக் கடந்து, எத்தனையோ பேரால் எண்ணப்பட்டும் படம் பிடிக்கப்பட்டும் வாழ்ந்த மக்கள் இவர்கள். மரத்தில் ஒளிந்திருக்கும் கண் ஒன்று தம்மைப் பார்க்கிறதென்று அறிந்தால் அவர்கள் மனத்தில் எழுவது மானைப் பற்றிய நினைவாக இராது. விலங்கைக் காக்க வந்த கருவி அயலவரை ஒற்றுப் பார்க்கும் கருவியாகிவிட்டால், அன்றோடு அதன் பயன் தொலைந்தது. ஆனாற் படத்தை அழித்தாற் போதுமா? கம்பி காட்டில் இருக்கிறதே! இதை நாம் சொல்லுமுன்னரே பெரியவர் எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை அவரும் மகனும் அப்பாதையின் இருமருங்கும் தேடி நான்கு தடங்களைக் கழற்றி வந்தார்கள். கம்பியை உரியவரிடம் தாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், “கூப்பிட்டுக் கதைச்சனான்” என்றும் மட்டும் பின்னர் சொன்னார். என்ன கதைத்தார் என்பதை நாமும் கேட்கவில்லை. மாணவன் ஒரு பலகையில் “இங்கே விலங்குகளைப் பார்க்கும் கமரா உண்டு” என்று பெரிய எழுத்தில் எழுதிப் பாதை தொடங்கும் இடத்தில் நட்டான்.

அங்கிருந்து ஒட்டுசுட்டான் சென்று தான்தோன்றீஸ்வரரை வணங்கி, மாங்குளம் வந்து, கண்டி வீதியில் மீண்டும் வடக்கே திரும்பினோம். முறிகண்டியிற் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டோம். கிளிநொச்சியை நெருங்கும்போது மாணவனின் முகம் மாறியது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இப்பட்டினத்தை அடுத்த அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை குடியிருப்புக்குள் வந்துவிட்டது. சுமார் பத்துப் பேரைக் காயப்படுத்தியது. முடிவில் சனங்கள் சூழ்ந்து அதை அடித்தே கொன்றனர். அக்காட்சியைச் சிலர் கைத்தொலைபேசியிற் பிடித்து உலகெங்கும் பரப்பிவிட்டனர். அதைக் கண்டு நாடு முழுவதும் வைதது. வைதவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டு வேலியோரத்திற் சிறுத்தையைக் கண்டவர்கள் என்று நாம் கேட்பதுண்டு. இரத்தம் சொட்டும் அயலவனைக் கண்டவர்களின் பயம் பொய்யன்று. கொன்றதும் சரியன்று.

அவர்கள் அஞ்சியது அன்று முதன்முதலாகக் கண்டதற்கு. பகலில், சனக்கூட்டத்தின் நடுவில், ஓடவும் வழியின்றி நின்ற சிறுத்தையை மட்டுமே அவர்கள் பார்த்தார்கள். ஆனால் நெடுங்கேணிக் காணியின் நினைவட்டையில் இன்னொரு படமும் இருந்தது; அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தோம். இரவு 11 மணி 40. அதே பாதை. தலையைத் தாழ்த்தி, ஒருவருக்கும் தொந்தரவின்றி நடந்துபோகும் ஒரு சிறுத்தை. மறுநாளும் வந்தது; நான்கு நாள் கழித்தும் வந்தது. விலாப்புறத்துப் புள்ளிகளை ஒப்பிட்டு அதே சிறுத்தைதான் என்று மாணவன் காட்டினான். நாம் படுத்திருந்த வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம். பெரியவரின் மனைவியார் அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். இத்தனை நாளும் போய்வந்திருக்கிறதே, நாயைக்கூடத் தொடவில்லையே என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து கன்றுக்குட்டியை மட்டும் உள்ளே கட்டச் சொன்னார். மான் உள்ளவரை அது மானைத் தேடும் என்றும், காட்டில் மான் அற்றுப்போனால்தான் நாயும் கன்றும் அதன் கண்ணிற் படும் என்றும் பெரியவர் சொன்னார். அந்த மானைத்தான் தடம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கரடிப்போக்குச் சந்தியில் இறங்கி, ஒரு கடையிற் சோடா குடித்தபடி, இங்கே கரடி வருவதுண்டா என்று கடைக்காரரைக் கேட்டோம். தாம் கண்டதில்லை என்றார். தம் பாட்டனார் கண்டதாகச் சொன்னதுண்டு என்றார். மாணவன் மேற்குப் பக்கத்து மரங்களைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கத்தில் தனக்குத் தெரிந்தவருடைய காணி ஒன்று இருக்கிறதென்றும், அவர் சம்மதித்தால் ஆனியிற் பாலை பழுக்கும்போது அங்கொரு கமராவைக் கட்டலாமென்றும் சொன்னான். அதற்கு முன் புரட்டாதி முடிவதற்குள் நெடுங்கேணிக்குப் போய், மழை தொடங்குமுன் அங்குள்ள பெட்டியைக் கழற்றி, உள்ளே கூடு கட்டத் தொடங்கியிருக்கும் எறும்புகளை வெளியேற்றவேண்டுமாம்.